மூன்று இலட்சமாவது கிலோமீற்றர்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். வாகனம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இப்போது வாசிக்க வேண்டாம். போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். பதிவு எங்கும் ஓடிவிடாது.

எங்கள் காரை ஊரில் அனேகமானோருக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த வெள்ளை கொரோலா. சுபஹ் தொழுதுவிட்டு வருபவர்கள் அது போவதைப் பார்த்து நேரம் சொல்வார்கள். அதில் போவது நாங்கள் நான்கு ஆசிரியர்கள். இருவர் கணவன் மனைவி. மாத்தளையில் இருந்து ஏ9 வீதியில் அலுவிகாரை, பலாபத்வெல, நாலந்த தாண்டி, நாவுலப் பக்கம் உள்ள பாடசாலைக்குப் போய் வருகிறோம். போக வர அறுபது கிலோமீற்றருக்கு மேல் வரும்.

கார் எங்களில் ஒருவருடையது. 2012இல் வாங்கும்போது மீற்றரில் 168,000 சொச்சம் இருந்தது. அது உண்மையான கணக்கா, யாராவது குறைத்து வைத்ததா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். நம்மட நாட்டில் மீற்றர் குறைக்காத பழைய காரைத் தேடுவதும் தண்ணி கலக்காத பாலைத் தேடுவதும் ஒன்றுதான். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோதுதான் நால்வரும் ஒரே காரில் போகத் தொடங்கினோம். க்யூஆர் வந்த புதிதில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். நான்கு வீட்டுக் கணக்கையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, இதுதான் வழி என்று முடிவெடுத்தோம். வரிசை முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. பெற்றோல் காசைப் பங்கு போடுகிறோம். டயர் மாற்றினால் அதையும் பங்கு போடுகிறோம். அதனால் "எங்கள் கார்" என்றுதான் நால்வரும் சொல்வோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு புது மரியாதை வந்தது. முன்பெல்லாம் இரண்டு இலட்சம் ஓடிய கார் என்றால் விற்பவர் வெட்கப்படுவார். இப்போது அதையே பெருமையாகப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். 99,999 ஒரு படம். 123,456 ஒரு படம். 200,000க்கு ஒரு அல்ஹம்துலில்லாஹ். இப்படிப் படங்கள் உங்கள் போனிலும் இருக்கும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருக்கிற வேகமுள்ளைப் பாருங்கள். அனேகமாக ஐம்பதிலோ அறுபதிலோ நிற்கும். நாங்களும் அப்படிப் படங்களுக்கு லைக் போட்டவர்கள்தான். முள்ளை ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் கார் மூன்று இலட்சத்தை நெருங்கியபோது எங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் போல ஆகிவிட்டது. விஞ்ஞானம் படிப்பிப்பவர் அதையே பாடமாக்கினார். பூமியைச் சுற்றி ஒருமுறை போனால் ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அப்படியென்றால் கொரோலா ஏழரைத் தடவை உலகத்தைச் சுற்றிவிட்டது, அதுவும் நாவுலைக்கும் மாத்தளைக்கும் இடையில். சந்திரனுக்குப் போக இன்னும் 84,000 கிலோமீற்றர் பாக்கி. பிள்ளைகள் கைதட்டினார்கள். அமெரிக்காவில் நியூயோர்க் பக்கம் லோங் ஐலண்டில் இருந்த ஏர்வ் கோர்டன் என்பவரின் கதையையும் காலைக்கூட்டத்தில் சொன்னோம். அவரும் எங்களைப் போல ஒரு வாத்தியார், விஞ்ஞானம் படிப்பித்தவர். 1966இல் ஒரு வொல்வோ கார் வாங்கினார். அதே காரில் 2013 செப்டம்பரில், அலாஸ்காவில் வைத்து, முப்பது இலட்சம் மைல் முடித்தார். கிலோமீற்றரில் 48 இலட்சம். 2018இல் அவர் இறக்கும்வரை அந்தக் கார் அவரிடம்தான் இருந்தது. அவருடைய கணக்குக்கு முன்னால் எங்கள் மூன்று இலட்சம் ஒன்றுமில்லை. ஆனாலும் எங்களுக்கு அது பெரிதுதான்.

பழைய மீற்றரில் ஒரு அழகு உண்டு. இப்போதைய கார்களில் எண் வெளிச்சத்தில் மாறும், அவ்வளவுதான். எங்கள் காரில் ஆறு சின்ன உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை அச்சடித்திருக்கும். வலது உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது, இடைநடுவில் உள்ள குட்டிப் பற்சக்கரம் அடுத்த உருளையை ஒரு எண் மட்டும் தள்ளும். வழமையாக ஒரு உருளைதான் அசையும். 299,999 என்று வந்துவிட்டால் ஆறும் ஒன்றாக எழும்பும். ஒன்பதுகள் எல்லாம் மெதுவாக மேலே ஏற, கீழிருந்து பூச்சியங்கள் வரும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த அசைவு. 300,000 என்ற எண் ஒரு முழுக் கிலோமீற்றருக்கு அப்படியே நிற்கும். ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஆறுதலாகப் பத்துப் படம் எடுத்திருக்கலாம். எங்களுக்கு அது போதவில்லை. வீடியோ வேண்டுமென்று நினைத்தோம்.

சென்ற தவணை, ஒரு செவ்வாய்க்கிழமை. பாடசாலை விட்டு, ளுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். நாலந்தையில் பார்த்தபோது 299,983. பலாபத்வெல தாண்டியதும் புரளும் என்று கணக்குப் போட்டோம். முன் சீட்டில் இருந்தவர் வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஸ்டேரிங் மறைத்தது, கண்ணாடியில் வெயில் வேறு அடித்தது. "வெளங்குதில்ல" என்றார். ஓட்டியவர், "இங்க தாங்க, நானே புடிக்கிறன்" என்று போனை வாங்கிக்கொண்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின் சீட்டில் இருந்த இருவரும் சீட்டுகளுக்கு நடுவால் தலையை நீட்டிக்கொண்டோம். வேகம் முப்பத்தைந்து, நாற்பதுக்குள்தான் இருந்திருக்கும். மெதுவாகப் போகிறோம், ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு.

ஒன்பதுகள் ஏறத் தொடங்கின. "வருது, வருது" என்று ஒருவர். "பிஸ்மில்லாஹ் செல்லுங்க" என்று இன்னொருவர். சிரிப்பு. காரில் எட்டுக் கண்கள் இருந்தன. ஒன்றுகூட றோட்டில் இல்லை.

பிறகு இடது பக்கம் டக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. இடது கண்ணாடி உள்ளே மடங்கிக் கிடந்தது.

நிறுத்தி இறங்கி ஓடினோம். காணோரத்தில் ஒரு வயதான சிங்கள மனிதர் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் விழுந்து கிடந்தது. அதில் கட்டியிருந்த சாக்கில் இருந்து இரண்டு பலாக்காய் உருண்டு போயிருந்தன. நெற்றியில் உரசிய காயம். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். நாங்கள் வாய் திறக்கும் முன்னரே அவர் சொன்னார்: "என்ட பிழை புத்தே. நான்தான் உள்ளுக்கு வந்துட்டன் போல."

அவர் வரவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, புல்லுக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வாகனங்களுக்கு முகம் கொடுத்து நடந்து வந்தவர் அவர். நடந்து போகும்போது வலது பக்கமாக, எதிரே வருகிற வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கிறோமே, அதைத்தான் அவர் செய்திருந்தார். கோட்டைத் தாண்டியது கார். அது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

நாங்கள், "பயப்படாதீங்க சீயா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னோம்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவு கட்டினார்கள். பொலிஸில் முறைப்பாடு பதிவானது. என்ன நடந்தது என்று கேட்டார்கள். "வளைவில் கவனிக்கவில்லை" என்றோம். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. போன் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வைத்தியச் செலவைக் கொடுத்தோம், பழங்கள் வாங்கிப் போனோம். ஊரில் விசாரித்தவர்கள் எல்லாரும் "அல்லாஹ் பெரிய ஆபத்திலிருந்து காப்பாத்தினான் ஸேர்" என்றார்கள். "ஓம்" என்றோம். காப்பாற்றப்பட்டது யார், எதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

ஓட்டியது யார் என்பதை இங்கே எழுதவில்லை. அது பொலிஸில் இருக்கிறது. பிற்பாடு நாங்கள் போய் வாக்குமூலத்தையும் சரியாகக் கொடுத்துவிட்டோம். அது அதன் வழியில் நடக்கிறது, அதைப் பற்றி இங்கே பேசுவது முறையில்லை. பெயர் எழுதாததற்குக் காரணம் வேறு. போனைக் கொடுத்தவர் ஒருவர். கொடுக்க வேண்டாம் என்று சொல்லாதவர்கள் இருவர்.

அந்த வீடியோ போனில் இருந்தது. 51 செக்கன். அன்றிரவு ஒருவர் பார்த்தார், அடுத்த நாள் எல்லாரும் பார்த்தோம். முதலில் முழங்கால், பிறகு கொஞ்சம் வானம், பிறகு மீற்றர். உருளைகள் புரள்வது அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. சிரிப்பு. டக். அதன்பின் இருட்டு, ஏனென்றால் போன் கை தவறிக் கீழே, ப்ரேக் மிதிக்கும் இடத்தில் விழுந்துவிட்டது. ப்ரேக்குக்குக் கீழே அது போய் மாட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் கராஜ் பாஸிடம் பிறகு கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். இருட்டில் கதவு திறக்கும் சத்தமும், தூரத்தில் அவருடைய குரலும் கேட்கிறது.

மணிக்கு நாற்பது கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குப் பதினொரு மீற்றர். நாங்கள் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தது குறைந்தது நான்கு செக்கன். 44 மீற்றர் தூரம் அந்தக் கார் கண் இல்லாமல் ஓடியிருக்கிறது. எங்கள் பாடசாலையின் நீளக் கட்டடம்கூட அவ்வளவு இல்லை. இந்தக் கணக்கை பத்தாம் ஆண்டுப் பிள்ளை நிமிடத்தில் செய்யும். எங்களில் ஒருவர் கணித ஆசிரியர்.

பிறகு கொஞ்சம் தேடி வாசித்தோம். 1997இல் கனடாவின் டொரொன்டோவில் இரண்டு ஆய்வாளர்கள், விபத்தில் மாட்டிய, போன் வைத்திருந்த 699 சாரதிகளின் போன் பில்களை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டார்கள். போனில் பேசும்போது விபத்து நடக்கும் அபாயம் நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசும் போன் வைத்திருந்தவர்களுக்கும் அது குறையவில்லை. காதில் ஹெட்செட் மாட்டிவிட்டுத் தைரியமாகப் பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கை வேலையில்லாமல் இருந்தாலும் புத்தி வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு ஆய்வுதான் எங்களைக் கூடுதலாகச் சுட்டது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், கார் ஓட்டுவது போன்ற ஒரு இயந்திரத்தில் ஆட்களை உட்கார வைத்து, சொன்ன இடத்தில் வெளியேறச் சொன்னார்கள். போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவற விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளோடு பேசியவர்களில் அனேகமானோர் சரியாக வெளியேறினார்கள். இரண்டுமே பேச்சுத்தானே, ஏன் வித்தியாசம்? பக்கத்தில் இருப்பவரும் றோட்டைப் பார்க்கிறார். லொறி வந்தால் பேச்சை நிறுத்துகிறார், "அங்க பாருங்க" என்கிறார். போனில் இருப்பவருக்கு லொறி தெரியாது.

அன்று அந்தக் காரில் அப்படிப் பக்கத்தில் இருப்பவர்கள் மூன்று பேர் இருந்தோம்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஸ்கூல் வேன் ஐந்து நிமிடம் பிந்தினால் சாரதிக்கு எத்தனை வீட்டில் இருந்து கோல் போகிறது என்று ஒரு வேன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டில் இருந்தும் என்பார். உள்ளே இருப்பதோ நம்மட பிள்ளைகள். ஒரு ஜனாஸா செய்தி வந்தால் குறூப்பில் போட்டது போதாதென்று, வாகனத்தில் போகிறவருக்கும் எடுத்துச் சொல்கிறோம். த்ரீவீல்காரருக்கு ஓட்டத்திலேயே அடுத்த ஹயர். அவர் எடுத்து என்ன சொல்வார்? "ட்ரைவிங்ல ஈக்குறன், செல்லுங்க." நாமும் செல்கிறோம்! "அப்ப பொறகு பேசுவோம்" என்று வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையில் போன் பிடித்து ஓட்டுவது குற்றம் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பவரைப் பிடிக்க எந்தப் பொலிஸும் இல்லை. இந்த ஊரில் அவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ, எங்களைப் போல வாத்தியாராகவோதான் இருப்பார்.

இப்போது எங்கள் காரில் நான்கு போன்களும் டேஷ்போர்ட் லாச்சிக்குள் போகின்றன. மாத்தளையில் மூடினால் பாடசாலை வாசலில்தான் திறப்போம். முதல் கிழமை அந்த லாச்சி ஓயாமல் முனகியது. இப்போது வீட்டார் பழகிவிட்டார்கள். காலை ஆறேகாலுக்கும் ஏழேகாலுக்கும் இடையில் எங்களை யாரும் எடுப்பதில்லை. அவசரம் என்றால் பாடசாலைக்கு எடுங்கள், அதிபர் சொல்வார். இந்த ஒன்றை மட்டும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறோம்: வேன்காரருக்குக் காலையில் எடுக்காதீர்கள். வேன் வரும்.

மூன்று கிழமை கழித்துத்தான் சீயாவிடம் உள்ளதைச் சொல்லப் போனோம். அதற்கு முன் பல தடவை போவோம் என்று பேசி, ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டோம். அவருடைய வீடு றோட்டிலிருந்து உள்ளே, மிளகுக் கொடிகளுக்கு நடுவில். மகள் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். சைக்கிளைக் காணவில்லை. விசாரித்தோம். மகள்தான் அதை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். "கண் தெரியாத காலத்தில றோட்டுல போய் வாகனத்துக்குள்ள விழுறார் ஸேர். உங்களுக்கும் எவ்வளவு கரைச்சல்" என்றார். சந்தைக்கும் இனிப் போக விடுவதில்லையாம். சீயா ஒன்றும் பேசாமல் மாவுக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று கிழமையாக அவர் எல்லாரிடமும் தன் பிழை என்றே சொல்லி வந்திருக்கிறார். அதற்காக வீட்டில் ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

தேத்தண்ணியைத் தொடாமல் நடந்ததைச் சொன்னோம். சிங்களம் எங்களுக்கு நன்றாக வரும். ஆனால் அன்று தடுமாறித்தான் வந்தது. மீற்றர், மூன்று இலட்சம், வீடியோ, யாரும் றோட்டைப் பார்க்கவில்லை என்பது, எல்லாம். மகள் எங்களைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. எங்கள் மாணவர் ஒருவர் பரீட்சையில் கொப்பி அடித்துப் பிடிபட்டால் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

சீயா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டார். அழிக்காமல் வைத்திருந்தோம். கொடுக்கத் தயக்கமாக இருந்தது, ஆனால் கேட்டவர் அவர். சத்தத்தைக் கூட்டிக் கையில் கொடுத்தோம். பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை, எங்கள் சிரிப்புக்கு இடையில் ஒரு இடத்தில் விரலை உயர்த்தினார். "இந்தா. கேளுங்க."

எங்கள் காரில் ஏஸி வேலை செய்வதில்லை, கண்ணாடிகள் திறந்துதான் இருக்கும். இருபது தடவையாவது அந்த வீடியோவை நாங்கள் பார்த்திருப்போம். ஒரு தடவையும் அது எங்கள் காதில் விழவில்லை. "பிஸ்மில்லாஹ் செல்லுங்க" என்பதற்கும் அந்த டக் சத்தத்துக்கும் நடுவில், மெலிதாக, இரண்டு தரம், சைக்கிள் மணி.

அவர் போனைத் திருப்பித் தரவில்லை. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவருடைய காதுக்குக் கிட்டப் பிடித்து, இன்னொரு தரம் போட்டார்.

"கேட்டியா மகள்?" என்றார். "நான் மணி அடிச்சன்."